முட்டி ஜவ்வு கிழிந்துவிட்டது, ஆபரேஷன் செய்தால் மறுபடி கபடி ஆட முடியுமா?

பேராவூரணி ரைடர்:

எல்லோருக்கும் வணக்கம். வயது 24. பேராவூரணிப் பக்கம் கிராமம். எட்டாம் வகுப்பிலிருந்து கபடி ஆடுகிறேன், ரைடர் (எதிரணிக் களத்துக்குப் பாடிப் போகிறவன்). போனஸ் கோட்டில் கால் வைத்து, கார்னர் (மூலையில் நின்று பிடிக்கிறவன்) பாய்கிற நேரத்தில் சட்டென்று திரும்பி வருவதுதான் என் ஆட்டமே. மாவட்ட அணிக்கு ஆடியிருக்கிறேன். மாநிலப் போட்டிச் சான்றிதழ் இருக்கிறது.

போன வருடம் மாட்டுப் பொங்கலுக்கு மறுநாள் ஒரு மின்னொளிக் கபடி. அரையிறுதியில் இடது காலை ஊன்றித் திரும்பினேன். என்னை யாரும் தொடக்கூட இல்லை. முட்டிக்குள் ‘டப்’ என்று ஒரு சத்தம், பக்கத்தில் நின்ற கவர் ஆட்டக்காரனுக்கே கேட்டதாம். வீட்டுக்கு வருவதற்குள் முட்டி பலாக்காய் மாதிரி வீங்கிவிட்டது.

எங்கள் ஊரில் எல்லோரும் போகிற கட்டு வைத்தியரிடம் போனோம். முட்டை வெள்ளைக்கரு, பச்சிலை வைத்துக் கட்டினார். வீக்கம் வடிந்தது, நடக்க முடிந்தது. நேராக ஓடினால் வலியே இல்லை. சித்திரையில் நீ கேப் (முட்டி உறை) போட்டுக்கொண்டு மறுபடி இறங்கினேன். ஆனால் திரும்பும்போது திடீர் திடீரென்று முட்டி விட்டுப்போகும். இரண்டு நாள் வீங்கும், வடியும். கோயில் கொடை சீசனில் ஆட்டத்துக்கு முன்னால் வலி ஊசி போட்டுக்கொண்டு ஆடியதும் உண்டு.

நான் வேலை பார்ப்பது தேங்காய் மண்டியில். கஜா புயலில் எங்கள் மரங்கள் போன பிறகு அதுதான் வருமானம். மூட்டை தூக்க வேண்டும், குத்தவைத்து உட்கார்ந்து காய் பிரிக்க வேண்டும். போன மாதம் அப்படி உட்கார்ந்துவிட்டு எழுந்தபோது முட்டி மடங்கினபடியே லாக் ஆகிவிட்டது. ஆட்டி ஆட்டி ஓரளவு எடுத்தார்கள். இன்னும் காலை முழுதாக நீட்ட வரவில்லை.

தஞ்சாவூரில் எம்ஆர்ஐ எடுத்தோம். ‘ஏசிஎல் முழுக் கிழிசல், உள்பக்க மெனிஸ்கஸில் பக்கெட் ஹேண்டில் கிழிசல்’ என்று ரிப்போர்ட். ஏசிஎல் என்பது முட்டிக்குள் எலும்புகளைப் பிடித்துவைக்கிற ஜவ்வாம், மெனிஸ்கஸ் எலும்புகளுக்கு நடுவே மெத்தை மாதிரி இருக்கிற குருத்தெலும்பாம், அது வாளிக் கைப்பிடி மாதிரி பெயர்ந்திருக்கிறதாம். டாக்டர் சீக்கிரம் ஆபரேஷன் செய்யச் சொல்கிறார். தனியாரில் ஒன்றரை லட்சத்துக்கு மேல் ஆகும் என்றார்கள்.

நான் கேட்க நினைப்பது: ஆபரேஷன் செய்தால் பழையபடி பாடிப் போக முடியுமா? எனக்குக் காவலர் தேர்வு எழுத ஆசை, விளையாட்டு ஒதுக்கீடு வேறு இருக்கிறது. முட்டி இப்படி இருந்தால் உடல்தகுதித் தேர்வில் நிற்க முடியுமா? “இந்தக் காசை உன் முட்டியில் போடுவதற்குப் பதில் ஒரு மாடு வாங்கலாம், கபடியை விட்டால் எல்லாம் சரியாகிவிடும்” என்கிறார் அம்மா. கபடியை விட்டால் உண்மையிலேயே சரியாகிவிடுமா? அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

மின்னொளி ரசிகன்:

நண்பா, கவலையே படாதே. கபடி ரைடர் பவன் செராவத் ஞாபகம் இருக்கிறதா? 2022 புரோ கபடி ஏலத்தில் நம்ம தமிழ் தலைவாஸ் அணி அவரை 2 கோடியே 26 லட்சத்துக்கு எடுத்தது. முதல் ஆட்டத்திலேயே முட்டியில் அடிபட்டு சீசன் முழுக்க வெளியே. முடிந்தது கதை என்றுதான் எல்லோரும் பேசினோம். அடுத்த வருடமே ஹாங்சோ ஆசிய விளையாட்டில் இந்தியாவுக்குத் தலைமை தாங்கித் தங்கம் வாங்கினார். அந்த வருட ஏலத்தில் 2 கோடியே 60 லட்சத்துக்கு மேல் போனார்.

ஃபுட்பாலில் பிரேசில் ரொனால்டோவைப் பார். 2000 ஏப்ரலில், அடிபட்டு ஆறின முட்டியோடு லாட்சியோவுக்கு எதிராக இறங்கினார். ஆறாவது நிமிடமே அதே முட்டி போய்விட்டது. 2002 உலகக் கோப்பையில் 8 கோல்! மனசு இருந்தால் போதும். ஆபரேஷன் செய், ஆறு மாதத்தில் ஆட்டத்துக்கு வா.

பிசியோ அக்கா, திருச்சி:

தம்பி, நான் பிசியோதெரபிஸ்ட். ஆட்டக்காரர்களின் முட்டிகளைத்தான் அதிகம் பார்க்கிறேன். உங்கள் ஸ்கேனை நான் பார்க்கவில்லை, அதனால் பொதுவாகச் சொல்கிறேன்.

முதலில் அவசரமான விஷயம். காலை முழுதாக நீட்ட வரவில்லை என்றால் கிழிந்த மெனிஸ்கஸ் துண்டு இன்னும் மூட்டுக்கு நடுவில் சிக்கியிருக்க வாய்ப்பு அதிகம். இதைத் தள்ளிப்போடாதீர்கள். மெனிஸ்கஸின் வெளி ஓரத்துக்கு மட்டும்தான் ரத்த ஓட்டம் உண்டு, அங்கே கிழிந்திருந்தால் தைத்து ஒட்டவைக்கலாம். நாள் கடந்து துண்டு நைந்துபோனால் வெட்டி எடுப்பதைத் தவிர வழி இருக்காது. வெட்டி எடுத்தால் வலி சீக்கிரம் போகும், நடமாட்டம் சீக்கிரம் வரும், ஆட்டக்காரர்களுக்கும் அதுதான் பிடிக்கும். ஆனால் அந்த முட்டி பதினைந்து இருபது வருடத்தில் தேய்மானமாகத் திருப்பிக் கேட்கும். “தைக்க முடியுமா?” என்று டாக்டரிடம் வாய்விட்டுக் கேளுங்கள்.

உங்கள் முட்டி ஏன் நேர் ஓட்டத்தில் சும்மா இருந்தது என்றால், ஏசிஎல்லின் வேலையே வேறு. கால் எலும்பு முன்னால் நழுவாமலும், ஊன்றித் திரும்பும்போது முறுக்கிக்கொள்ளாமலும் பிடித்துவைப்பது அது. நேராக ஓட அதன் தேவை குறைவு. திரும்பினால்தான் இல்லாதது தெரியும். அப்படி முட்டி விட்டுப்போன ஒவ்வொரு தடவையும் நடுவில் இருந்த மெனிஸ்கஸ்தான் அடி வாங்கியிருக்கிறது. நீ கேப் அந்த முறுக்கைத் தடுக்காது. வலி ஊசி வலியை மறைக்கும், அவ்வளவுதான்.

ஏசிஎல் கிழிந்த எல்லோருக்கும் ஆபரேஷன் தேவை என்பதில்லை. ஸ்வீடனில் 121 பேரை வைத்து ஒரு ஆய்வு நடந்தது, 2010-ல் வெளியானது. முதலில் பயிற்சி, தேவைப்பட்டால் மட்டும் ஆபரேஷன் என்று விட்டவர்களில் பாதிக்கும் மேற்பட்டோருக்கு இரண்டு வருடம் வரை ஏசிஎல் ஆபரேஷன் தேவைப்படவில்லை. உங்களுக்கு அது பொருந்துவது கடினம். முட்டி தொடர்ந்து விட்டுப்போகிறது, லாக் வேறு ஆகிவிட்டது. கபடியை விட்டாலும் மண்டியில் குத்தவைக்கத்தானே போகிறீர்கள்? இந்த முட்டி அங்கேயும் சிக்கும். அம்மாவிடம் இதைச் சொல்லுங்கள்.

ரசிகன் தம்பி ஆறு மாதம் என்கிறார். அந்தக் கணக்கை மட்டும் மறந்துவிடுங்கள். தொடைக்குப் பின்னால் இருந்து எடுத்த நாரை முட்டிக்குள் வைப்பார்கள். அது உள்ளே பிடித்து, உயிர் வந்து, பலப்பட ஒரு வருடத்துக்கு மேல்கூட ஆகும். இரண்டாவது மூன்றாவது மாதத்தில் அது வைத்தபோது இருந்ததைவிட பலவீனமாக இருக்கும். அப்போதுதான் ஆட்டக்காரனுக்கு “ஒன்றுமே இல்லையே, நன்றாக இருக்கிறதே” என்று தோன்றும். என்னிடம் வருகிறவர்களை நான் அதட்டுவது அந்த மாதங்களில்தான். 2016-ல் வந்த ஒரு ஆய்வில், ஒன்பது மாதம் வரை ஆட்டத்தைத் தள்ளிப்போட்ட ஒவ்வொரு மாதத்துக்கும் மறுபடி அடிபடுவது பாதியாகக் குறைந்தது. ஒன்பது மாதம் ஆனால் மட்டும் போதாது. தொடைபலமும் ஒற்றைக்கால் தாவலும் மற்றக் காலோடு ஒப்பிட்டால் 90 சதவீதமாவது வர வேண்டும்.

திரும்பி ஆட முடியுமா என்ற கேள்விக்கு நேரான பதில்: 2014-ல் பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்ததில், ஆபரேஷன் செய்தவர்களில் 100-க்கு 81 பேர் ஏதோ ஒரு விளையாட்டுக்குத் திரும்பினார்கள். பழைய தரத்துக்கு வந்தவர்கள் 65. போட்டி ஆட்டத்துக்கு 55. வாய்ப்பு நன்றாகவே இருக்கிறது, உத்தரவாதம் இல்லை. காவலர் தேர்வின் 1500 மீட்டர் நேர் ஓட்டம், 7 நிமிடம். ஊன்றித் திரும்பும் ரைடைவிட அதற்கு முன்னதாகவே தயாராகலாம். தேர்வில் வரும் தாண்டுதலுக்கு மட்டும் கடைசியில்தான் தயாராக வேண்டும்.

ஹேண்ட்பால் 7:

எனக்குக் கல்லூரி இரண்டாம் வருடத்தில் ஏசிஎல் போனது. தாவி எறிந்துவிட்டு ஒற்றைக்காலில் இறங்கினேன், அவ்வளவுதான். ஒரே விளையாட்டில் ஆண்களைவிடப் பெண்களுக்கு இது இரண்டு மூன்று மடங்கு அதிகம் வருகிறது என்பதை அடிபட்ட பிறகுதான் தெரிந்துகொண்டேன். எங்கள் கோச் யாரும் இறங்கும் முறையைச் சொல்லித்தந்ததில்லை.

ஆபரேஷன் நன்றாக முடிந்தது. பலமும் வந்துவிட்டது. ஆனால் தாவிய பிறகு இறங்க மனசு வரவில்லை. பந்து கையில் இருக்கும், கண் தரையைப் பார்க்கும். அக்கா சொன்ன அந்த 100-ல் திரும்பாதவர்களில் பலர் என் மாதிரி ஆட்கள்தான். முட்டி ரெடி, தலை ரெடி இல்லை. பயத்தைப் பற்றி ஆண் ஆட்டக்காரர்கள் பேசவே மாட்டார்கள், தம்பி நீயாவது பிசியோவிடம் பேசு.

மல்யுத்த வீராங்கனை வினேஷ் போகட் 2016 ரியோ ஒலிம்பிக்கில் காலிறுதியில் முட்டி போய் ஸ்ட்ரெச்சரில் போனார், 2018-ல் ஆசிய விளையாட்டுத் தங்கம். 2023-ல் மறுபடி ஏசிஎல் ஆபரேஷன், அடுத்த வருடம் பாரிஸில் இறுதிச்சுற்று வரை போனார் (எடை 100 கிராம் கூடித் தகுதி இழந்த கதை வேறு). அவரை நினைத்தால் எனக்கும் தெம்பு வரும். அதே சமயம் நான் ஆட்டத்தை விட்டு நடுவர் தேர்வு எழுதியதில் எனக்கு வருத்தமும் இல்லை.

பழைய லெஃப்ட் கார்னர்:

தம்பி, நானும் உன் பக்கத்து ஆள்தான். 49 வயது. பேருந்து நடத்துனர் வேலை, கபடி கொடுத்த வேலைதான். 98-ல் எனக்கு வலது முட்டி போனது. ரைடரின் கணுக்காலைப் பிடித்தேன், பின்னால் இருந்து எங்கள் ஆளே என் முட்டி மேல் விழுந்தான். அப்போது எங்களுக்கு எம்ஆர்ஐ எல்லாம் எட்டாத உயரம். ஊசி வைத்து ரத்தத்தண்ணி எடுத்தார்கள், “ரெஸ்ட் எடு” என்றார்கள். அதோடு சரி. பிறகும் நாலைந்து வருடம் ஆடினேன்.

அந்த நாலைந்து வருடத்தைப் பற்றிப் பேச ஊரில் ஆள் இருக்கிறது. இப்போதைய முட்டியைப் பற்றிப் பேச வீட்டுக்காரி மட்டும்தான். அதனால் அதைச் சொல்கிறேன்.

காலையில் எழுந்தால் முட்டி வேலைக்கு வர அரைமணி நேரம் ஆகும். பேருந்து குலுங்கும்போது ஒரு கையால் டிக்கெட் கிழித்துக்கொண்டு இடது காலிலேயே நிற்பேன். இப்போது இடுப்பும் வலிக்கிறது. படி ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது கெட்ட கால் முதலில். இதை யோசிக்காமல் செய்யப் பழகிவிட்டேன். கல்யாணப் பந்தியில் தரையில் உட்கார முடியாது, எல்லோரும் கீழே, நான் மட்டும் ஓரமாக நாற்காலியில். மாமனார் வீட்டில் பழைய கழிப்பறைதான், அதனால் அங்கே ராத்தங்குவதே இல்லை. இதை மாமனாரிடம் எப்படிச் சொல்வது? கோபித்துக்கொண்டு வரமாட்டேன் என்கிறேன் என்றுதான் அவர் பல வருடம் நினைத்துக்கொண்டிருந்தார். எக்ஸ்ரேயில் எலும்புக்கு நடுவே இடைவெளி போய்விட்டது. மூட்டு மாற்றத்துக்கு வயது பற்றாது, இன்னும் கொஞ்ச காலம் ஓட்டுங்கள் என்கிறார் டாக்டர். எட்டு கிலோ குறைத்தேன், அது மருந்தைவிட நன்றாக வேலை செய்தது.

இதையெல்லாம் உன்னைப் பயமுறுத்தச் சொல்லவில்லை. பாட்மிண்டன் சாய்னா நேவாலைப் பார். ரியோவில் அடிபட்ட முட்டியோடு ஆடித் தோற்று, ஆபரேஷன் செய்து, 2018-ல் காமன்வெல்த் தங்கம் வரை போனவர். 2024-ல் அவரே சொன்னார், முட்டிக்குள் குருத்தெலும்பு தேய்ந்து ஆர்த்ரைட்டிஸ் வந்துவிட்டது என்று. தங்கமும் உண்மை, தேய்மானமும் உண்மை. நல்ல ஆபரேஷன் செய்தாலும் இந்த அடி வாங்கிய முட்டிகளில் பாதி பத்து இருபது வருடத்தில் தேயும் என்று என் டாக்டரும் சொன்னார்.

ரசிகன் தம்பி, பவனைச் சொன்னாய். நானும் கைதட்டினேன். ஆனால் பவன் ரயில்வேக்கு ஆடியவர். அவர் முட்டியைக் காலையும் மாலையும் பார்க்க அணியில் பிசியோ உண்டு. பேராவூரணித் தம்பிக்குப் பின்னால் யார்? மின்னொளிப் போட்டி நடத்துகிறவர்கள் மைக்கில் ‘சிறந்த ரைடர்’ என்று கூப்பிட்டு ஒரு அண்டா கொடுப்பார்கள். சுழற்கோப்பை கிளப் அலமாரிக்குப் போகும். ஆம்புலன்ஸ் கிடையாது, மண் தரையில் ஜல்லிகூடப் பொறுக்கியிருக்க மாட்டார்கள். ஊசி போட்டு இறக்கிவிடுகிறவர்கள் ஒருத்தராவது ஆபரேஷன் பில்லுக்கு வருவார்களா? இந்தக் கோபம் எனக்கு ரொம்ப நாளாக உண்டு.

என் அபிப்பிராயம் இதுதான். ஆபரேஷனைக் கபடிக்காகச் செய்யாதே, மண்டி மூட்டைக்காகவும் காவலர் தேர்வுக்காகவும் செய். கபடி கூட வந்தால் வரட்டும். காசு திட்டம் போடும்போது ஆபரேஷன் பில்லை மட்டும் எண்ணாதே. அதற்குப் பிறகு எட்டு ஒன்பது மாதம் மூட்டை தூக்க முடியாது, அந்த வருமானம் எங்கிருந்து வரும், பிசியோவுக்குப் போய்வர பேருந்துக் காசு எங்கிருந்து வரும் என்பதுதான் பெரிய கணக்கு. எங்கள் ஊரில் ஒரு பையன் கடன் வாங்கி ஆபரேஷன் செய்துவிட்டு, கடனை அடைக்க மூன்றாம் மாதமே நெல் மூட்டை தூக்கினான். இப்போது அவனுக்கு இரண்டாவது ஆபரேஷன் சொல்லியிருக்கிறார்கள்.

முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருக்கிறதா? குடும்ப ஆண்டு வருமானம் 1 லட்சத்து 20 ஆயிரத்துக்குள் இருந்தால் விண்ணப்பிக்கலாம், வருடத்துக்கு 5 லட்சம் வரை உண்டு. தனியாரில் பணம் கட்டுவதற்கு முன்னால் தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் எலும்பு சிகிச்சைப் பிரிவில் காட்டு, அங்கேயே காப்பீட்டு கவுண்டரில் உன் ஆபரேஷன் பெயரைச் சொல்லிக் கேள். மண்டி முதலாளியிடம் எடை போடுகிற வேலையோ கணக்கு எழுதுகிற வேலையோ கேட்டு வை. கூச்சப்படாதே, உன் ஆட்டத்தைப் பார்த்தவர்தானே அவர்.

பேராவூரணி ரைடர்:

எல்லோருக்கும் ரொம்ப நன்றி. லெஃப்ட் கார்னர் அண்ணே, உங்கள் பதிலை அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். மாமனார் வீட்டுக் கதையில் சிரித்துவிட்டார், அப்புறம் மாட்டுப் பேச்சை எடுக்கவில்லை. காப்பீட்டு அட்டை பெரியப்பா பெயரோடு சேர்ந்து இருக்கிறது, அதைப் பிரிக்க வேண்டும்.

பிசியோ அக்கா, இன்னும் இரண்டு கேள்வி. ஆபரேஷன் தேதி கிடைக்கும் வரை சும்மா படுத்திருக்கவா? எங்கள் வீட்டிலும் குத்தவைத்து உட்காரும் கழிப்பறைதான், ஆபரேஷனுக்கு அப்புறம் என்ன செய்வது?

பிசியோ அக்கா, திருச்சி:

படுத்துக்கொள்ளாதீர்கள். தொடைத்தசை ஏற்கெனவே வற்றியிருக்கும். காலை நீட்டிவைத்து முட்டிக்குக் கீழ் ஒரு சுருட்டின துண்டை வைத்து, தொடையை இறுக்கி எண்ணிப் பிடித்து விடுங்கள், நாள் முழுக்க அவ்வப்போது. சிக்கியிருக்கும் முட்டியைக் கையால் அழுத்தி நீட்ட யாரையும் விடாதீர்கள். கட்டு வைத்தியரையும்தான். மூட்டை, குத்தவைப்பது, கபடி மூன்றும் வேண்டாம்.

மெனிஸ்கஸைத் தைத்தால் நான்கு முதல் ஆறு வாரம் ஊன்றுகோல் இருக்கும், குத்தவைக்க நான்கைந்து மாதமாவது ஆகும், சிலருக்கு அதற்கும் மேல். நடுவில் ஓட்டை போட்ட பிளாஸ்டிக் நாற்காலியை அந்தக் கழிப்பறை மேல் போட்டுக்கொள்வதுதான் எங்கள் நோயாளிகள் செய்வது. இரும்பில் செய்ததும் மருந்துக்கடையில் கிடைக்கும். சுவரில் பிடித்து எழ ஒரு குழாய் அடித்து வையுங்கள், ஆபரேஷனுக்கு முன்னாலேயே.

பழைய லெஃப்ட் கார்னர்:

தம்பி, குழாய் அடிக்க நானே வருகிறேன், வீட்டில் டிரில் மெஷின் இருக்கிறது. அட்டை பிரிக்க ரேஷன் கார்டு தனியாக இருக்க வேண்டும், அதை முதலில் பார். தஞ்சாவூர் போகும்போது ரிப்போர்ட் தாளோடு எம்ஆர்ஐ ஃபிலிமையும் சிடியையும் எடுத்துப் போ, தாளை மட்டும் காட்டினால் மறுபடி எடுக்கச் சொல்வார்கள்.